19 ஊர் வேண்டாம், 9 போதும்: 2,000 வெள்ளியில் ஐந்து நாடுகள்

கேள்வி இதுதான். சிங்கப்பூரின் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவையை முடித்துவிட்ட ஒரு தம்பி, ஆகஸ்டில் பல்கலைக்கழகம் தொடங்குமுன் மார்ச் மாதம் கிளம்பி, மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், லாவோஸ் என ஐந்து நாடுகளையும் ஆறு வாரத்தில் முதுகுப்பையோடு சுற்றிவர நினைக்கிறார். கூட, அதே சேவையை முடித்த ஒரு நண்பர். அவர் சிங்கப்பூர் நிரந்தரவாசி, கையில் இந்தியக் கடப்பிதழ். ஆளுக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளி. மொத்தம் 19 ஊர்கள் கொண்ட பட்டியல். பணம் போதுமா என்பது அவர் கேள்வி. அம்மா பயப்படுகிறார் என்பது பின்குறிப்பு.

தம்பி, பணம் போதும். பட்டியல்தான் ஆகாது.

42 நாளில் 19 ஊர் என்றால் ஊருக்கு இரண்டு நாளும் கொஞ்சமும். அந்த இரண்டில் ஒன்று பயணத்திலேயே போய்விடும். காலையில் அறையைக் காலி செய்து, பஸ் நிலையம் தேடி, ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்து, இருட்டிய பிறகு புது ஊரில் இறங்கும்போது பேரம் பேசத் தெம்பு இருக்காது. முதலில் கண்ணில் படும் டாக்சிக்காரர் கேட்டதைக் கொடுப்பீர்கள். முதலில் தெரியும் குளிர்சாதன அறைக்குள் நுழைவீர்கள். இருபது ஆண்டுக்கு முன் நான் முதன்முதலில் இப்படிச் சுற்றியபோது கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தேன். திரும்பி வந்து கூட்டிப் பார்த்தால் ஓர் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்த நாளுக்கு ஆன செலவு, ஊர் மாறிய நாளுக்கு ஆனதில் பாதிகூட இல்லை. அதிலிருந்து நான் நாட்களை எண்ணுவதில்லை, எத்தனை தடவை ஊர் மாறுகிறேன் என்பதைத்தான் எண்ணுகிறேன். நீங்களும் அப்படியே எண்ணிப் பாருங்கள், பட்டியல் தானாகச் சுருங்கும்.

என் கணக்கில் 9 ஊர்: பினாங்கு, பேங்காக், சியாங் மாய், லுவாங் பிரபாங், ஹனோய், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம், புனோம் பென், சியம் ரியப். இந்த வரிசையே முக்கியம். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் ஒரே வளைவாக மேலே ஏறி, கீழே இறங்கும். ஒரு தடவை தாண்டிய எல்லையைத் திரும்பத் தாண்டத் தேவையில்லை. கடைசி ஊரிலிருந்து விமானத்தில் வீடு.

நீங்கள் போட்டது பேங்காக்கிலிருந்து நேரே தரைவழியாகக் கம்போடியா. முன்பெல்லாம் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். பேங்காக்கிலிருந்து எல்லை ஊருக்கு மூன்றாம் வகுப்பு ரயில் 49 பாட், அவ்வளவு மலிவு. ஆனால் 2025 ஜூனில் எல்லைத் தகராறு முற்றி, அந்த இரு நாட்டுக்கும் இடையிலான தரைச் சாவடிகள் மூடப்பட்டன. அதே ஜூலையில் துப்பாக்கிச் சண்டை வரை போனது. அந்தப் பாதையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கம்போடியாவுக்கு வியட்நாம் பக்கமிருந்து நுழையுங்கள், தலைவலி இல்லை.

சரி, பணம். 2,000 வெள்ளியில் முதலில் தனியாக எடுத்து வைக்கவேண்டியவை: பயணக் காப்பீடு 90 வாக்கில், திரும்பி வரும் விமானம் 150 வாக்கில், கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச்சீட்டு 80 வாக்கில். மூன்று நாள் சீட்டு 62 அமெரிக்க டாலர். ஆசியான் குடிமக்கள் என்று நமக்குச் சலுகை ஏதும் கிடையாது. ஊர்விட்டு ஊர் போகும் பஸ், ரயில், படகு எல்லாம் சேர்த்து 380. ஆக 700 போயிற்று. மீதி 1,300-இல் 200 வெள்ளியைத் தொடாதீர்கள், அது காய்ச்சலுக்கும் தவறவிட்ட ரயிலுக்கும். கையில் நிற்பது 1,100. அதை 42-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 26 வெள்ளி. பலர் சேர்ந்து தூங்கும் பொதுக்கூடத்தில் ஒரு படுக்கை 10 முதல் 12 வெள்ளி, மூன்று வேளைச் சாப்பாடு 10 வெள்ளி, மீதியில் காபி, உள்ளூர் பஸ், கோயில், அருங்காட்சியகம். கையைக் கட்டிக்கொண்டுதான் வாழவேண்டும், ஆனால் பட்டினி இல்லை. இருவராகப் போவதால் ஒரு வசதி. வியட்நாமிலும் லாவோஸிலும் சின்ன விருந்தினர் இல்லங்களில் இருவருக்கான அறையே பொதுக்கூடத்தின் இரண்டு படுக்கை விலைக்குக் கிடைக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கலாம்.

அந்த 26 வெள்ளியை எல்லா நாட்டுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். பினாங்கிலும் பேங்காக்கிலும் 30 தாண்டும். வியட்நாமில் 20-க்குள் அடக்கலாம். ஆகவே நாட்களை அந்தப் பக்கம் சாயுங்கள். வியட்நாமில் 15 நாள், தாய்லாந்தில் 10, லாவோஸில் 6, கம்போடியாவில் 7, மலேசியாவில் 4. லாவோஸுக்குக் குறைத்துவிட்டேனே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

மார்ச் வேண்டாம் என்பேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வடதாய்லாந்திலும் வடலாவோஸிலும் வயல்களையும் காட்டையும் எரிக்கும் காலம். சியாங் மாய் மலை கண்ணுக்கே தெரியாது, தொண்டை கரகரக்கும். இந்தோனேசியப் புகை இங்கே வந்தபோது நாம் பட்ட பாடு நினைவிருக்கும். காசு கொடுத்து அதைத் தேடிப்போகவேண்டாம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு, ரயிலில் இடம் கிடைக்காது. மே நடுவில் கிளம்புங்கள். மழை தொடங்கியிருக்கும், ஆனால் பெரும்பாலும் பிற்பகலில் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். புகை கழுவப்பட்டிருக்கும். தங்குமிடங்கள் காலியாகக் கிடப்பதால் விலை குறைப்பார்கள். நடு வியட்நாமில் அப்போது வறண்ட காலம், ஹோய் ஆனில் வெள்ளம் வருவது அக்டோபர், நவம்பரில்தான். இன்னொரு லாபமும் உண்டு. மார்ச்சிலிருந்து மே வரை இரண்டு மாதம் பகுதிநேர வேலை பார்த்தால் அந்த 26 வெள்ளி 35 ஆகும். நாளொன்றுக்கு 9 வெள்ளி கூடினால் பயணத்தின் முகமே வேறு.

இனி பாதை. நாம் சிங்கப்பூரில் பிறந்ததால் கிடைத்த வரம், விமான டிக்கெட் இல்லாமலே கண்டத்துக்குள் நடந்து நுழையலாம். கிராஞ்சியிலிருந்தோ குவீன் ஸ்திரீட்டிலிருந்தோ பஸ் ஏறி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, பாலம், மலேசியாவின் ஜோகூர் பாரு. கேடிஎம் ஷட்டில் ரயிலும் உண்டு. ஐந்தே நிமிடப் பயணம். இங்கிருந்து போனால் 5 வெள்ளி, அங்கிருந்து வந்தால் 5 ரிங்கிட். ஒரே தண்டவாளம், ஒரே தூரம், கட்டணம் மட்டும் மூன்று மடங்கு. பணத்தைப் பற்றிய முதல் பாடம் அங்கேயே கிடைத்துவிடும்: எந்தச் சீட்டையும் எல்லை தாண்டி அந்த ஊர்ப் பணத்தில் வாங்குங்கள். சிங்கப்பூரிலிருந்தே பினாங்குக்குக் கிளம்பும் சொகுசு பஸ்ஸைவிட, ஜோகூர் பாருவில் லார்க்கின் நிலையத்தில் ஏறும் பஸ் பாதி விலைக்கும் குறைவாகக்கூட அமையும். பட்டர்வொர்த் போய்ச்சேர ஒன்பது மணி நேரமாவது ஆகும். அங்கிருந்து படகில் கடந்தால் ஜார்ஜ் டவுன்.

பினாங்கைப் பற்றி நம்மவர்களுக்கு நான் என்ன சொல்ல? நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்கும்போது தமிழிலேயே கேட்டு வாங்கலாம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. மூன்று நாள் இருங்கள், கால் பழகட்டும், பை கனமென்றால் வேண்டாததை இங்கேயே கழித்துவிடுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்கு கொம்யூட்டர் ரயில், ஏறத்தாழ இரண்டு மணி நேரம், சில ரிங்கிட்தான். சுங்கை பட்டாணி தாண்டியதும் இடப்பக்கம் ஒரு மலை தனியாக எழுந்து நிற்கும், குனோங் ஜெராய். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் பழைய கடாரம். 1025-இல் ராசேந்திர சோழன் கப்பற்படை அனுப்பி வென்ற ஊரை நீங்கள் குளிர்சாதன ரயில்பெட்டியில் உட்கார்ந்து கடப்பீர்கள். ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள்.

பாடாங் பெசார் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கட்டடத்தில். இங்கே ஒரு கண்ணி உண்டு. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். பேங்காக் போகும் தாய்லாந்து ரயில் மாலை 5 மணி வாக்கில் என்றால் நம் கடிகாரத்தில் 6. இந்தப் பக்கம் குழப்பிக்கொண்டால் ஒரு மணி நேரம் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது குழப்பிக்கொண்டால் ரயில் போயிருக்கும். படுக்கைச் சீட்டு ஏறத்தாழ 1,000 பாட், நம் பணத்தில் 40 வெள்ளி. கீழ்ப் படுக்கை அகலம், சற்று விலை கூட. ஓர் இரவுத் தங்கும் செலவு அதிலேயே கழிவதால் கீழ்ப் படுக்கையையே எடுங்கள் என்பேன். பழைய புத்தகங்களில் ஹுவாலம்போங் நிலையம் என்று போட்டிருக்கும். 2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர ரயில்கள் குரூங் தெப் அபிவட் என்ற புது நிலையத்துக்கு மாறிவிட்டன. ஹுவாலம்போங் பக்கத்தில் அறை பதிவு செய்துவிட்டு நகரம் முழுதும் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மலேசியாவின் கிளந்தான் பக்கம் எல்லையைத் தாண்டினால், சுங்கை கோலோக்கிலிருந்தும் பேங்காக்குக்கு ரயில் உண்டு. நாராதிவாட், யாலா, பட்டாணி மாநிலங்களில் பல ஆண்டுகளாகக் குண்டுவெடிப்புகள் நடப்பதால் அந்தப் பக்கம் வேண்டாம். அம்மாவிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள், கொஞ்சம் நிம்மதியாவார்.

பேங்காக்கில் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள். கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தாம், அர்ச்சனைத் தட்டை அவர்கள் ஏந்தி நிற்கும் பணிவைப் பார்த்தால் நாம் வெட்கப்படவேண்டும். சாப்பாட்டுக்குப் பேரங்காடி உணவகங்களைவிட்டு, தெருவோரத்தில் பெரிய அலுமினியத் தட்டுகளில் குழம்பு வகைகள் வைத்திருக்கும் சோற்றுக்கடைக்குப் போங்கள். சோற்றின்மேல் இரண்டு வகை ஊற்றி 50, 60 பாட்டுக்குத் தருவார்கள். சைவம் என்றால் 'ஜே' என்ற சொல் போதும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் அவைதாம். வியட்நாமில் அதே வேலையைச் செய்யும் சொல் 'சாய்'. அங்கே சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவதால் எந்தச் சிற்றூரிலும் ஒரு சாய் கடை இருக்கும். மீன் சாறு மட்டும் எதிலும் நுழைந்துவிடும், தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேங்காக்கிலிருந்து இரவு ரயிலில் சியாங் மாய். அப்புறம் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி, மெகோங் ஆற்றில் மெதுபடகு. சியாங் மாயிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம் போனால் சியாங் கோங். பாலத்தைக் கடந்தால் லாவோஸின் ஹுவாய் சாய். மறுநாள் காலை நீளமான மரப்படகு கிளம்பும். இரண்டு பகல். நடுவில் ஓர் இரவு பாக்பெங் என்ற கரையூரில் தூக்கம். இருட்டில் படகு ஓடாது, பாறைகள். படகில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கைப்பேசியில் சமிக்ஞை வந்து வந்து போகும். கரையில் எருமைகள் நிற்கும், மணல்திட்டில் கடலை போட்டிருப்பார்கள், பிள்ளைகள் கையசைப்பார்கள். இரண்டு வருடம் நேரத்துக்கு எழுந்து நேரத்துக்குப் படுத்த பையன்கள் நீங்கள். அந்த இரண்டு பகலைக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று தவிர்க்காதீர்கள். சியாங் மாயிலேயே மொத்தமாக விற்கும் பொட்டலப் பயணத்தை வாங்காமல் படகுச்சீட்டைத் துறையில் வாங்கினால் கணிசமாகக் குறையும். ரொட்டி, வாழைப்பழம், தலையணை ஒன்று, இவை போதும்.

வேகம்தான் வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பேங்காக்கிலிருந்து இரவு ரயிலில் வியஞ்சான் போய், அங்கிருந்து 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ்-சீனா ரயிலில் இரண்டு மணி நேரத்தில் லுவாங் பிரபாங் சேரலாம். முன்பு மலைப்பாதையில் பத்து மணி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டு போன தூரம் அது. நிலையத்தில் விமான நிலையம் மாதிரியே சோதனை நடக்கும். கத்தி, கத்தரிக்கோல், வாசனைத் தெளிப்பான் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

லுவாங் பிரபாங்கிலிருந்து ஹனோய் போவதுதான் எல்லாவற்றிலும் கடினமான கட்டம். 24 மணி நேர பஸ், சில சமயம் அதற்கும் மேல். விமானத்தில் ஒரு மணி நேரம், விலை இரண்டு மூன்று மடங்கு. வயது இருபது என்றால் பஸ்ஸிலேயே போங்கள், நான் இப்போது விமானத்தில்தான் போவேன்.

உங்கள் நண்பர் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கட்டும். உங்களுக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ். ஐந்து நாட்டிலும் இந்த அளவு சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், வியட்நாமில் 30 நாள்வரை தங்கலாம். அவருக்கு அப்படியில்லை. வியட்நாமுக்கு இ-விசா எடுக்கவேண்டும். ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர். விண்ணப்பத்தில் எந்தச் சாவடி வழியாக நுழையப்போகிறோம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சும்மா கேட்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். சில ஆண்டுக்கு முன் என்னோடு வந்த நண்பர் ஒருவர் யோசிக்காமல் ஹனோய் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு தரைவழியாக பஸ்ஸில் வந்தார். சீட்டு விற்ற முகவர் 'பிரச்சினை இல்லை' என்றார். அவருக்கு என்ன பிரச்சினை? எல்லையில் அதிகாரி தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மழையில், மலைமேல், ஒரு தேநீர்க்கடைகூட இல்லாத இடம். லாரி ஒன்றைப் பிடித்துப் பக்கத்து ஊர் வந்து, திரும்ப லுவாங் பிரபாங் வந்து, விமானம் ஏறிப் போனதில் இருவருக்கும் சேர்த்து 500 வெள்ளிக்குமேல் கரைந்தது. பஸ் எந்தச் சாவடி வழியாகப் போகும் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

லாவோஸில் பாலத்தருகே எல்லையிலேயே விசா தருவார்கள், கசங்காத டாலர் நோட்டும் படமும் வேண்டும். கம்போடியாவுக்கு அதிகாரபூர்வ இணையத்தளத்தில் இ-விசா. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்தியக் கடப்பிதழுக்குத் தந்திருக்கும் விசா விலக்கு அவ்வப்போது நீட்டி, மாற்றி அமைக்கப்படுவது, கிளம்பும் வாரம் அந்தந்தத் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை அவருக்கு வேண்டும், உங்களுக்கு வேண்டாம். தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டை 2025 மே முதல் எல்லோருக்கும் கட்டாயம், நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும். இரண்டும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக, நிரந்தரவாசியின் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். இருவர் கடப்பிதழிலும் ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும். சேவை முடிந்தாலும் நீங்கள் இருவரும் போர்க்காலப் படையினர் என்பதை மறக்காமல் வெளிநாட்டுப் பயண அறிவிப்பையும் செய்துவிடுங்கள்.

வியட்நாமில் ஹனோயிலிருந்து தெற்கே 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை. ஒரே மூச்சில் போனால் முப்பது மணி நேரத்துக்கு மேல். நீங்கள் டா நாங்கில் இறங்கி ஹோய் ஆன் போகப்போகிறீர்கள். ஹுவேயிலிருந்து டா நாங் வரை ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலோரமாக ரயில் ஊர்ந்து போகும் பகுதி பகலில் வரும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள், தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். ஹோய் ஆனில் ஐந்து நாள் உட்காருங்கள். அங்கிருந்து 40 கிலோமீட்டரில் மீ சன், சாம்பா மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். வியட்நாம் போரில் குண்டு விழுந்து சிதைந்தவை போக மிச்சம் நிற்கின்றன. காலை ஆறு மணிக்குப் போனால் ஆளே இருக்காது. ஹோ சி மின் நகரத்தில் துருவோங் டின் தெருவிலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர் கட்டியது, இப்போது வியட்நாமியர் நிறைந்த கோயில்.

அங்கிருந்து புனோம் பென்னுக்கு பஸ் ஆறேழு மணி நேரம், எல்லையில் உணவுக்கு நிறுத்துவார்கள். சியம் ரியப் இன்னும் ஆறு மணி நேரம். அங்கோர் சீட்டை மாலை ஐந்து மணிக்கு வாங்கினால் மறுநாளிலிருந்துதான் கணக்கு, அன்றைய சூரிய அஸ்தமனம் இலவசம். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். ஒருநாள் பார், ஒருநாள் தூங்கு என்று போங்கள், தொடர்ந்து மூன்று நாள் கல்லையே பார்த்தால் நான்காம் நாள் எந்தக் கோயிலும் நினைவில் நிற்காது. சியம் ரியப்பின் புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால், அந்தப் பஸ் செலவையும் விமானச் சீட்டோடு சேர்த்து ஒப்பிடுங்கள்.

ரொக்கம் பற்றிச் சில வார்த்தை. தாய்லாந்துப் பணப்பொறிகள் பெரும்பாலும் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டாவது பிடிக்கும், ஒன்பது வெள்ளி, ஒரு நாள் சாப்பாடு. சிறிது சிறிதாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள், அல்லது ரிங்கிட்டையும் பாட்டையும் இங்கேயே முஸ்தபாவிலோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலோ மாற்றிக்கொள்ளுங்கள். லாவோஸ் பணமான கீப்பை அந்த நாட்டுக்குள்ளேயே செலவழித்துவிடுங்கள், வெளியே வந்தால் வாங்க ஆள் இல்லை. வியட்நாமில் 20,000 டோங் நோட்டும் 5 லட்சம் டோங் நோட்டும் இரண்டுமே நீலம். மங்கிய வெளிச்சத்தில் தேநீருக்கு 25 வெள்ளி கொடுத்தவன் நான். கம்போடியாவில் டாலர் ஓடும், ஓரம் கிழிந்திருந்தால் ஓடாது.

அம்மாவுக்குச் சொல்ல மூன்று விஷயம். வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்யலாம், அவர் கண்முன்னே செய்யுங்கள். மோட்டார்சைக்கிள் வாடகைக்கு எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், 2பி உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீடு ஒரு காசு தராது. மூன்றாவது குடி. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு சுற்றுப்பயணிகள் இறந்தார்கள். இலவசமாகக் கொடுக்கும் கோப்பையைத் தொடாதீர்கள், மூடி திறக்காத பீர் பாட்டில் போதும். அம்மாவிடம் சொல்லவேண்டாத நான்காவது ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய்லாந்தில் கஞ்சாக் கடைகள் கண்ணில் பட்டாலும், குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உட்கொண்டதற்கும் சிங்கப்பூரில் வழக்கு உண்டு. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் பல்கலைக்கழகம் வேறு கதையாகிவிடும்.

பை ஏழு கிலோவுக்குமேல் வேண்டாம், திரும்பி வரும் மலிவு விமானத்தில் அதற்குமேல் காசு. மூன்று சட்டை, ஒரு கைலி, மழைக்கோட்டு. கைலியை லேசாக நினைக்காதீர்கள். அது துண்டு, போர்வை, திரை, கோயிலுக்குள் முழங்காலை மறைக்கும் துணி, எல்லாமே.

கிளம்பும் நாள் செவ்வாயோ புதனோ இருக்கட்டும், ஜூன் பள்ளி விடுமுறைக்கு முன்பாக. வெள்ளி மாலையும் சனி காலையும் பாலத்தில் மாட்டினால் மூன்று மணி நேரம் அங்கேயே போய்விடும். காலை ஆறரைக்குக் கிராஞ்சியில் பஸ் ஏறுங்கள். அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம், வேலைக்கு இங்கே வருகிறவர்கள். எட்டரைக்கு லார்க்கினில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி பட்டர்வொர்த் பஸ்ஸைப் பிடித்தால், இரவுச் சாப்பாடு பினாங்கில்.